32,000 ரூபாய் கேமிங் மதர்போர்டு: பெட்டியில் எழுதியிருப்பதில் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம்?

டெக்னோபார்க்கில் வேலை, கழக்கூட்டத்தில் வாடகை வீடு, மாதக்கணக்கில் சேர்த்த பணம். ஒரு நல்ல கேமிங் பிசி போட்டுவிடலாம் என்று கடைசியில் முடிவுக்கு வந்துவிட்டீர்கள். கடையில் கொடுத்த கொட்டேஷன் கையில் இருக்கிறது. பிராசஸர் எது, கிராஃபிக்ஸ் கார்டு எது என்பதில் சந்தேகம் இல்லை. அதற்குத்தான் மூன்று மாதம் யூடியூப் பார்த்தாயிற்றே. மூன்றாவது வரியில்தான் கண் நிற்கிறது. மதர்போர்டு. 14,000 ரூபாய்க்கு ஒன்று, 32,000 ரூபாய்க்கு ஒன்று. "விலை கூடினது எடுத்தா ஃபியூச்சர் ப்ரூஃப் ஆணு சாரே" என்கிறார் கடைச் சேட்டன்.

(இரண்டு விலையும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. சந்தை விலை வாரத்துக்கு வாரம் மாறும். இடைவெளி மட்டும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.)

அந்த 18,000 ரூபாய் எதை வாங்குகிறது? சுருக்கமான பதில்: கேமில் வேகத்தை வாங்குவதில்லை. மதர்போர்டுக்குக் கொடுக்கும் காசு மூன்று விஷயங்களுக்குப் போகிறது. பிராசஸருக்குத் தடுமாறாத மின்சாரம், நாளைக்கு எதையாவது சேர்க்க இடம், கெட்டுப்போனால் மாற்றித் தர ஓர் ஆள். முதல் இரண்டும் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். மூன்றாவது பெட்டியில் எங்கேயும் இருக்காது. இடியும் ஈரமும் நிறைந்த திருவனந்தபுரத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

எஃப்பிஎஸ் ஏன் கூடுவதில்லை?

மதர்போர்டு எதையும் கணக்கிடுவதில்லை. அது ஒரு சாலை அமைப்பு, கூடவே ஒரு சின்ன மின் நிலையம். கேமில் ஒவ்வொரு காட்சியையும் தயார் செய்வது பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும்தான். அதே பிராசஸர், அதே கார்டு, அதே ராம், அதே செட்டிங். இப்படி வைத்துவிட்டு போர்டை மட்டும் மாற்றினால், வரும் வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒரே போர்டில் ஒரே டெஸ்ட்டை இரண்டு முறை ஓட்டினாலே அந்த அளவுக்கு மேலே கீழே வரும்.

விதிவிலக்கு உண்டு. 2021-ல் இன்டெலின் பி560 சிப்செட் போர்டுகளை விமர்சகர்கள் வரிசையாகச் சோதித்தபோது, மலிவான சில போர்டுகள் பிராசஸரை 65 வாட்டுக்கு மேல் போக விடவில்லை. கொஞ்சம் விலை கூடிய போர்டுகளில் அதே சிப் தாராளமாக ஓடியது. பெட்டியில் ஒரே சிப்செட் பெயர், உள்ளே ஒரே பிராசஸர், வேகம் மட்டும் வேறு. ஆக, போர்டு உங்கள் கேமை வேகமாக்காது. ஆனால் மோசமான போர்டு மெதுவாக்கும். வாங்கும்போது "எது சிறந்தது" என்று தேடுவதைவிட "எதற்குக் கீழே போகக்கூடாது" என்று தேடினால் போதும்.

"14+2+1 ஃபேஸ்" என்றால் என்ன?

பெட்டியில் முதலில் கண்ணில் படுவது இதுதான். எஸ்எம்பிஎஸ்-லிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ 1 வோல்ட்டுக்குச் சற்று மேலே. இறக்கிக் கொடுக்கிற வேலையைச் செய்வது, பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி 'ட' வடிவில் இருக்கும் விஆர்எம் பகுதி. மேலே அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்குமே, அதற்குக் கீழேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸருக்கு சாக்கெட் வழியே போகும் உச்ச மின்திறன் 230 வாட். 1.2 வோல்ட் என்று வைத்தால் 230-ஐ 1.2-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 190 ஆம்பியர். உங்கள் வீட்டு ஏசி இழுப்பது பத்து ஆம்பியருக்கும் கீழே என்பதை நினைத்துப் பாருங்கள். இதில் பத்து சதவீதம் வீணானாலும் 25 வாட் வெப்பம், அந்தச் சின்ன இடத்தில். சரி, நீங்கள் வாங்கப்போவது 7950எக்ஸ்-ஆ? ரைசன் 5 7600 என்றால் உச்சம் 88 வாட். அதே கணக்கில் 73 ஆம்பியர்தான். கேமர்களின் செல்லப்பிள்ளையான 7800எக்ஸ்3டி-யும் கேம் ஓடும்போது பெரும்பாலும் 100 வாட்டுக்குக் கீழேயே இருந்துவிடும். 190 ஆம்பியருக்காகக் கட்டிய விஆர்எம்-ஐ 73 ஆம்பியருக்கு வாங்குவது, இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது மாதிரி.

14 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கட்டுப்படுத்தும் சிப் 7 தடங்களைத்தான் இயக்கும். ஒவ்வொரு தடத்திலும் இரண்டிரண்டு பவர் ஸ்டேஜ்களை இணைத்து 14 என்று எழுதுவார்கள். அது ஏமாற்று இல்லை, வெப்பம் பகிரப்படுவது உண்மைதான். ஆனால் 50 ஆம்பியர் ஸ்டேஜ் பன்னிரண்டும் 80 ஆம்பியர் ஸ்டேஜ் எட்டும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம் என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரு ஸ்டேஜுக்கு எத்தனை ஆம்பியர் என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் விஆர்எம் மேல் ஹீட் சிங்க் இருக்கிறதா? இரண்டு பக்கமும் இருந்தால், ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால், 6 கோர் 8 கோர் பிராசஸருக்குக் கவலை வேண்டாம். ஹீட் சிங்கே இல்லாமல் மொட்டையாக இருக்கும் ஏ620, எச்610 போர்டுகளை கேமிங் பிசிக்கு நான் எடுக்க மாட்டேன்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது. வெளிநாட்டு விமர்சனங்களில் "விஆர்எம் வெப்பம் 78 டிகிரி" என்று படிக்கும்போது, அந்த அறையின் வெப்பநிலையையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 21-லிருந்து 25 டிகிரிக்குள் இருக்கும். மார்ச் மாத இரவில், ஏசி இல்லாத உங்கள் அறை 31, 32. அந்த எட்டு பத்து டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் மூடாத பெஞ்சில் சோதித்திருந்தால், மூடிய கேபினெட்டுக்காக இன்னும் கொஞ்சம். அங்கே "பரவாயில்லை" என்ற போர்டு இங்கே விளிம்பில் நிற்கும். அதனால்தான் 'இருப்பதிலேயே மலிவு' என்பதை இந்த ஊரில் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

போர்டு பிராசஸரைக் கெடுக்க முடியுமா?

முடியும். கடந்த சில ஆண்டுகளில் இரண்டு முறை உலகமே பார்த்தது.

2023 ஏப்ரலில் ஏஎம்டியின் புதிய 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகிய படங்கள் வெளிவந்தன. ராமை வேகமாக ஓட்டுவதற்கான எக்ஸ்போ என்ற செட்டிங்கை ஆன் செய்ததும், சில போர்டுகள் பிராசஸரின் ஒரு பகுதிக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கொடுத்ததுதான் பிரச்சினையின் மையம். ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு போட்டு, எல்லா போர்டு நிறுவனங்களும் பயாஸ் அப்டேட் வெளியிட வைத்தது.

இன்டெலின் கதை இன்னும் நீளம். 13, 14-ஆம் தலைமுறை ஐ9, ஐ7 பிராசஸர்களில் கேம்கள் காரணமில்லாமல் மூடிக்கொண்டன. "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழைச்செய்தி வரும்; கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். மக்கள் கிராஃபிக்ஸ் கார்டைக் குறை சொன்னார்கள், டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸை மறுபடி போட்டார்கள். 2024-இல்தான் பழி பிராசஸர் பக்கம் திரும்பியது. ஐ9-14900கே-வுக்கு இன்டெல் சொன்ன உச்சம் 253 வாட். ஆனால் பல கேமிங் போர்டுகளின் பயாஸில் வரம்பு 4096 வாட் என்று இருந்தது. வரம்பே இல்லை என்பதற்கான இன்னொரு எண் அது. ஒவ்வொரு நிறுவனமும் தன் போர்டு பெஞ்ச்மார்க்கில் ஒரு சதவீதம் கூடக் காட்ட வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்துவந்தது.

ஆகஸ்ட் 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. செப்டம்பரில், அதிக வோல்டேஜும் வெப்பமும் பிராசஸருக்குள் ஒரு கடிகாரச் சுற்றை முன்கூட்டியே மூப்படைய வைக்கின்றன என்று மூல காரணத்தைச் சொன்னது. அதற்கு வழிவகுத்த நான்கு சூழல்களைப் பட்டியலிட்டது. மூன்றில் இன்டெலின் சொந்த மைக்ரோகோட் தவறுகள் இருந்தன. முதலாவது, வழிகாட்டுதலை மீறிய மதர்போர்டு பவர் செட்டிங்குகள்.

வாங்குபவருக்கு இதில் என்ன செய்தி? "எக்ஸ்ட்ரீம்", "அன்லிமிடெட்", "ஏஐ ஓவர்கிளாக்" என்று பெட்டியில் எழுதியிருப்பது வசதி என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்த போர்டின் இணையதளப் பக்கத்துக்குப் போய் பயாஸ் பட்டியலைத் திறங்கள். கடைசி அப்டேட் எப்போது? 2023-இலும் 2024-இலும் அந்தச் சிக்கல்கள் வந்தபோது எவ்வளவு சீக்கிரம் திருத்தம் போட்டார்கள்? இரண்டு ஆண்டு பழைய மாடலுக்கும் இன்னும் போடுகிறார்களா? தரவு வேலை பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்: ஒரு போர்டைப் பற்றி இலவசமாகக் கிடைக்கும் மிக நேர்மையான தரவு அந்தத் தேதிப் பட்டியல்தான். விளம்பரத்துறை அதில் கைவைப்பதில்லை.

எக்ஸ்870 பெரிதா, பி650 சிறிதா?

முதலில் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு இருக்கும் என்று நிறுவனம் 2024-இல் சொன்னது. இதற்கு முந்தைய ஏஎம்4 பல தலைமுறை பிராசஸர்களைத் தாங்கியது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 2021 நவம்பரில் வந்து 12, 13, 14 தலைமுறைகளோடு முடிந்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்தது. "ஃபியூச்சர் ப்ரூஃப்" என்ற வார்த்தைக்கு ஏதாவது அர்த்தம் இருந்தால் அது சாக்கெட்டில்தான் இருக்கிறது. 14,000 ரூபாய் ஏஎம்5 போர்டும் 32,000 ரூபாய் ஏஎம்5 போர்டும் அதில் ஒன்றுதான்.

இப்போது சிப்செட். 2024 செப்டம்பர் இறுதியில் வந்த எக்ஸ்870-ன் உள்ளே இருப்பது, 2022-இல் பி650-க்குப் பயன்படுத்திய அதே புரொமண்டரி 21 சிப். பெயர் ஏறியிருக்கிறது. கூடவே யூஎஸ்பி4 கட்டாயமாகியிருக்கிறது, அதற்காகத் தனியாக ஒரு சிப் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்870இ என்றால் அந்த புரொமண்டரி இரண்டு. பி850-க்கும் பி840-க்கும் ஓர் எண்தான் வித்தியாசம் போலத் தோன்றும். பி840-இல் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது, இணைப்புகளும் குறைவு. கொட்டேஷனில் 5-க்குப் பதில் 4 இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். தட்டச்சுப் பிழை என்று பிறகு சொல்வார்கள்.

பிசிஐஇ 5.0 ஸ்லாட் வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆர்டிஎக்ஸ் 5090 போன்ற உச்சக் கார்டையே 4.0 ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தபோது இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். கவனிக்க வேண்டியது மறுபக்கம்: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ மாதிரி நடுத்தரக் கார்டுகளில் 16 லேன் இல்லை, 8 தான். 4.0 போர்டில் அது பிரச்சினை இல்லை. பழைய 3.0 போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுபவர்கள்தான் கொஞ்சம் இழப்பார்கள்.

மேனுவலில் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்?

வாங்குவதற்கு முன்பே மேனுவல் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். அதில் எம்.2 ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தின் கீழே, குட்டி எழுத்தில் அடிக்குறிப்புகள் இருக்கும். சண்டை எல்லாம் அங்கேதான்.

ரைசன் 7000, 9000 பிராசஸர்களிலிருந்து வருவது மொத்தம் 28 லேன். நான்கு சிப்செட்டுக்குப் போய்விடும். மீதி 24: கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16, எஸ்எஸ்டி-க்கு நான்கு, இன்னொரு நான்கு. எக்ஸ்870 போர்டுகளில் அந்தக் கடைசி நான்கைத்தான் பெரும்பாலும் யூஎஸ்பி4 எடுத்துக்கொள்கிறது. அதனால் விலை கூடிய சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் யூஎஸ்பி4-இன் வேகம் பாதியாகும், அல்லது கிராஃபிக்ஸ் கார்டு 16-லிருந்து 8 லேனுக்கு இறங்கும். ஐந்து எம்.2 ஸ்லாட் என்று பெட்டி சொல்லும். ஐந்தையும் நிரப்பினால் எது படுக்கும் என்று அடிக்குறிப்பு சொல்லும். கீழே நீளமாக இன்னொரு ஸ்லாட் இருந்தால் அதுவும் பார்வைக்கு 16, உள்ளே 4 அல்லது 1.

ராமுக்கும் இதே மாதிரி ஒரு குட்டி எழுத்து. "டிடிஆர்5 8000+" என்று எழுதியிருப்பது இரண்டு ஸ்டிக் போடும்போதுதான், அதுவும் ஓவர்கிளாக் கணக்கில். ரைசன் 7000-க்கு ஏஎம்டியின் அதிகாரப்பூர்வ எண் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. "இப்போ 16 ஜிபி ரெண்டு, அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு" என்ற திட்டம் டிடிஆர்5-இல் சரிவராது. நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

மற்ற விளம்பர வரிகளை வேகமாகக் கடந்துவிடலாம். "கேமிங் லான் 5ஜி": உங்கள் பிராட்பேண்ட் பிளான் 200 எம்பிபிஎஸ் என்றால் சாதாரண 1 கிகாபிட் போர்ட்டே ஐந்து மடங்கு பெரிது; மும்பை சர்வருக்கான பிங்கை எந்த போர்டும் குறைக்காது. உயர்ரக ஆடியோ சிப்: நீங்கள் யூஎஸ்பி ஹெட்செட் போடுபவர் என்றால் ஒலி அந்தச் சிப்பைத் தொடவே தொடாது. ஆர்ஜிபி விளக்கு: பிடித்தால் வாங்குங்கள், எனக்கும் பிடிக்கும். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் ஒன்றுக்கு மட்டும் ஐநூறு ஆயிரம் கூடக் கொடுக்கலாம். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் செருகி பயாஸை மாற்ற உதவும். கடையில் ஓராண்டாக இருந்த பி650 போர்டுக்கு, 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000-ஐ அடையாளம் தெரியாமல் போகலாம். அப்போது இந்தப் பட்டன் இல்லையென்றால் பழைய பிராசஸர் ஒன்றைக் கடன் வாங்க அலைய வேண்டும்.

துலாமழை, இடி, உப்புக்காற்று

இனி நம் ஊர்.

ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை. ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது இடிமேகம் உருவாவதற்குக் கேரளம் ஏற்ற இடம். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களிலும், இங்கே துலாவர்ஷம் என்று சொல்லும் அக்டோபர், நவம்பரிலும் மின்னல் அதிகம். பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை கவனமாக இருக்கச் சொல்லி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை விடுப்பதை உள்ளூர் நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் லாகின் செய்து கேம் ஆட உட்காரும் நேரமும் அதுதான்.

பலர் மறப்பது இதை: ப்ளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ஃபைபர் கேபிள் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் அது வந்து சேரும் மோடம் சுவரில் அடாப்டர் வழியாக மின்சாரத்தோடு இணைந்திருக்கிறது. மோடத்திலிருந்து உங்கள் போர்டுக்குத் தாமிர லான் வயர் போகிறது. மின்னல் அலை வரும் பாதை அதுதான். ஸ்ரீகாரியத்தில் நான் குடியிருந்த வீட்டில் ஓர் அக்டோபர் மாலை அப்படித்தான் நடந்தது. பிசியின் ப்ளக்கைப் பிடுங்கியிருந்தேன், பெருமையாக. லான் வயர் செருகியபடியே இருந்தது. மறுநாள் எல்லாம் வேலை செய்தது, லான் போர்ட்டைத் தவிர. சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "சர்ஜ் டேமேஜ், வாரண்டி கிட்டாது" என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான், வயிற்றெரிச்சல் மட்டும் எனக்கு. பிறகு யூஎஸ்பி-யில் செருகும் ஒரு லான் அடாப்டர் வாங்கி அந்த போர்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் போர்டிலேயே நல்ல வைஃபை இருப்பது வசதி மட்டும் இல்லை, ஒரு பாதுகாப்பும்கூட. 'வைஃபை' என்று முடியும் மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

வாடகை வீட்டில் எர்த்திங்கையும் பாருங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் விர்ரென்று ஒரு கூச்சம் தெரிகிறதா? மூன்றாவது பின்னுக்குப் பின்னால் எர்த் வயரே இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டியதுதான். எர்த் இல்லாத பாயிண்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் செருகினால் அதன் பாதி வேலை நடக்காது.

யூபிஎஸ் வாங்கும்போதும் கணக்குப் பாருங்கள். 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் யூபிஎஸ் கத்திவிட்டுச் சாகும். பயாஸ் அப்டேட்டை யூபிஎஸ் இருந்தாலும் மழைக்கால மாலையில் செய்யாதீர்கள். ஞாயிறு காலை வெயிலில் செய்யுங்கள்.

ஈரப்பதம் மெதுவாகக் கொல்லும். சங்குமுகம், வலியதுறை, வேளி பக்கம் கடலுக்கு அருகில் வீடு என்றால் காற்றில் உப்பும் உண்டு. ஒர்க் ஃப்ரம் ஹோம் கிடைத்து இரண்டு மாதம் நாகர்கோவில் போகிறீர்கள், பிசியைத் துணி போட்டு மூடிவிட்டுப் போகிறீர்கள். ஓடுகிற பிசியின் சூடு ஈரத்தை விரட்டும். அணைத்துவைத்த பிசியில் அது தங்கும். பின்பக்க போர்ட்டுகளில் பச்சை படிந்தால் "துரு" என்று வாரண்டியை மறுப்பார்கள். உலோகத் தகடு போர்டோடேயே பொருந்திய மாடலும், செருகாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடியும் இங்கே நல்லது. பத்து ரூபாய் விஷயம்.

கெட்டால் யாரிடம் போவது?

அஸுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, அஸ்ராக். நான்கும் தைவான் நிறுவனங்கள். இதே நகரத்தில் சிடாக் நிறுவனம் வேகா என்ற பிராசஸர் வரிசையையும் ஏரீஸ் என்ற போர்டுகளையும் வடிவமைத்திருக்கிறது. ஆனால் அவை கல்லூரி ஆய்வகத்துக்கும் சின்னக் கருவிகளுக்கும் ஆனவை, கேம் ஆட அல்ல. உங்கள் போர்டுக்குப் பொறுப்பு என்பது நடைமுறையில் இறக்குமதி செய்த டிஸ்ட்ரிபியூட்டர், அவருடைய சர்வீஸ் பங்குதாரர், கடைக்காரர் என்ற சங்கிலி. அதனால் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: "சேட்டா, இதுக்கு வாரண்டி இங்கேயே உண்டா, கொச்சிக்கு அனுப்பணுமா? எத்தனை நாள் ஆகும்? புதுசு தருவாங்களா, ரிப்பேர் பண்ணித் தருவாங்களா?" பதில் மழுப்பலாக வந்தால், அந்த பிராண்டின் ரேட்டிங் எவ்வளவு இருந்தாலும் எனக்கு அது மைனஸ்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைவாகக் கிடைக்கலாம்; அனந்தபுரி எக்ஸ்பிரஸில் கொண்டுவந்துவிடலாம். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். கெட்ட போர்டு மறுபடி அதே ரயிலில் போக வேண்டிவரும்.

பின் விவகாரம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஏஎம்4 காலத்தில் பின்கள் பிராசஸரில் இருந்தன. ஏஎம்5 வந்த பிறகு ஏஎம்டி, இன்டெல் இரண்டிலும் பின்கள் போர்டில்தான். முடி மாதிரி மெல்லியவை. ஒன்று வளைந்தாலும் அது 'ஃபிசிக்கல் டேமேஜ்', வாரண்டி முடிந்தது. வளைத்தது கடையா நீங்களா என்று நிரூபிக்க ஒரே வழி: பில் போடும் முன், கவுண்டரிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, சாக்கெட்டை மொபைலில் நெருக்கமாகப் படம் எடுப்பது. சீரியல் எண் ஸ்டிக்கரையும் சேர்த்து. சாக்கெட் மேல் இருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லையென்றால் சாக்கெட் பின்களுக்குப் பாதுகாப்பு இல்லை, சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.

பில் வேண்டும். 18% ஜிஎஸ்டி போட்ட, மாடலும் சீரியல் எண்ணும் எழுதிய பில். "பில் இல்லாம வேணும்னா குறைச்சுத் தரேன்" என்பது வாரண்டியைக் குறைத்துத் தருகிறேன் என்பதுதான். நியாயமான வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. பெங்களூருவில் இருக்கும் ஆன்லைன் விற்பனையாளர் மீது திருவனந்தபுரத்தில் புகார் கொடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அப்போ அந்த 18,000 ரூபாய்?

பதினாறு கோர் பிராசஸரில் நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவர், நான்கைந்து எஸ்எஸ்டி போடுபவர், யூஎஸ்பி4 உண்மையிலேயே தேவைப்படுபவர் விலை கூடிய போர்டை எடுக்கட்டும். அவர்களுக்கு அது செலவு இல்லை, கருவி. ரைசன் 5, ரைசன் 7 வைத்து கேம் ஆடி, நடுவே ஆபீஸ் வேலையும் பார்ப்பவருக்கு ஹீட் சிங்க் உள்ள, வைஃபை உள்ள ஒரு பி650 அல்லது பி850 போதும். மீதிப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து 16 ஜிபி கார்டுக்குப் போவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். நல்ல எஸ்எம்பிஎஸ், 1000 விஏ-க்குக் குறையாத யூபிஎஸ், ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர். ராமுக்கும் இப்போது கூடுதலாக ஒதுக்க வேண்டியிருக்கிறது: ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரி எடுத்துக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து விலை ஏறியது, அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தன் நுகர்வோர் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது.

போர்டு வீட்டுக்கு வந்து, எல்லாம் பூட்டி, முதல் தடவை பவர் பட்டனை அமுக்கியதும் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். பயப்பட வேண்டாம், பட்டனை மறுபடி அமுக்கி அணைக்கவும் வேண்டாம். டிடிஆர்5 ராமும் போர்டும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும் நேரம் அது. ஏஎம்5 போர்டுகளில் சில நிமிடங்கள்கூட ஆகும். எழுந்துபோய் ஒரு கட்டன் சாயா போட்டுக்கொண்டு வாருங்கள்.